எல்லாரும் உக்காந்து போகிற போட்டு

அந்த வீல்சேர்ல யாரும் இல்லைக்கா. பாத்ரூம் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்கன்னு நினைச்சுத்தானே தள்ளியே இருக்கீங்க? யாரும் வர மாட்டாங்க. நீங்க இப்படி வெயில் பக்கமா வாங்க. இந்த ஊரில் வெயிலைத் தேடிப் போய் உக்கார வேண்டியிருக்கு. இருங்க, உங்க சேரை நான் தள்ளுறேன்.

வேண்டாமா? சரி, சரி, கையை எடுத்துட்டேன். பழக்கதோஷம்.

நீங்க போன்ல தமிழ்ல பேசினது கேட்டது. அதான் கூப்பிட்டேன். லூர்துக்கு வந்ததிலிருந்து தமிழ் பேச ஆள் இல்லாமல் வாய் நமநமன்னு இருக்கு. சிலோன்தானே? யாழ்ப்பாணமா? சரி, யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது இந்த ஃபிரான்ஸ்லயே. நான் தூத்துக்குடிப் பக்கம். கடற்கரை ஊர். பேர் அன்சிலா. பிளஸ் டூ முடிச்சுட்டு சும்மா இருக்கேன்.

நீங்களும் காலுக்குத்தான் வந்தீங்களா? வருஷா வருஷம் வர்றீங்களா? அப்படி வந்தும் கால் இப்படியேதான் இருக்கா?

கோபப்படாதீங்க. எனக்கு மனசில் வந்தது வாயில் வந்துடும். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் சொல்லுவாங்க, "அன்சிலா, மாதாவுக்குப் பூமாலை வாங்குற காசுக்கு உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கலாம்"னு. சிரிக்கிறீங்க. நல்லவேளை. நேத்திலிருந்து நான் பேசினால் யாருக்கும் புரியவும் இல்லை, சிரிப்பும் வரலை.

இந்தச் சேர் எங்க அம்மாவுக்கு வந்தது. அம்மா வரலை. அதைத்தான் சொல்ல வர்றேன். உங்களுக்கு நேரம் இருக்குல்ல? ஊர்வலத்துக்கு மணி அடிக்கிற வரைக்கும் இருக்கு. போதும்.

எங்க அம்மா பேர் மதலேன். கைக்குழந்தையா இருந்தப்பவே போலியோ. முதல்ல ஒரு கால்தான். கம்பு ஊன்றி நடந்தாள். கம்பு ஊன்றியேதான் எங்க அண்ணனையும் என்னையும் வளர்த்தாள். அப்பா சீக்கிரமே போயிட்டார். அப்புறம் நல்ல காலும் தேஞ்சுபோய் உக்காந்துட்டாள். அண்ணன் ரீகன் துபாயில். பேரைக் கேட்டுச் சிரிக்காதீங்க, எங்க பக்கம் தெருவுக்கு ஒரு ரீகன் உண்டு. மிச்சம் இருக்கிறது நான். தூக்குறது, ஏத்துறது, இறக்குறது, தள்ளுறது எல்லாம் நான்தான். வேற யார் கை பட்டாலும் அம்மாவுக்குச் சரிப்படாது. அப்படித்தான் நினைச்சேன்.

எங்க பங்கிலிருந்து இந்த அக்டோபர் மாசம் ஐரோப்பா டூர் போட்டாங்க. ஜெபமாலை மாசம், குளிரும் ரொம்ப இருக்காது, ரோமாபுரி, அசிசி, பாரிஸ் எல்லாம் பாக்கலாம்னு. ரீகன் எங்க ரெண்டு பேரையும் சேர்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் பங்கு மண்டபத்தில் கூட்டம். டிராவல்ஸ் வச்சிருக்கிற செல்வின் அண்ணன் மைக்கைப் பிடிச்சு விளக்கம் சொன்னார். கடைசி மூணு நாள் நடக்கிறவங்க எல்லாரும் சுவிஸ் பனிமலைக்குப் போவாங்களாம். அங்க படி ஏறணும், வழுக்கும். நடக்க முடியாதவங்களுக்கு அதுக்குப் பதிலா ஆட்-ஆன். ரெண்டில் ஒண்ணு எடுத்துக்கலாம், கூட ஒரு ஆளும் போகலாம். ஒண்ணு இந்த லூர்து, மாதா காட்சி கொடுத்த இடம், நோயாளிங்க சுகம் கேட்டு வர்ற ஊர். சேர் அவங்களே தருவாங்க, தள்ளவும் ஆள் வரும். இன்னொண்ணு ஜெர்மனியில் ரைன்னு ஒரு ஆறு, அதில் போட்டு சவாரி. சாய்வாப் பலகை போட்டிருக்குமாம், சேரோட அப்படியே உள்ளே போயிடலாமாம். இலை உதிர்ற காலம், ரெண்டு கரையிலும் திராட்சைத் தோட்டம் மஞ்சளும் சிவப்புமா இருக்கும்னு ஒரு படம் காட்டினார்.

எங்க குரூப்பில் நடக்க முடியாத ஆள் அம்மா ஒருத்திதான். அதனால் அத்தனை பேருக்கு முன்னால் கேள்வி அவளுக்கு மட்டும்தான்.

அவள் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே டெய்ஸி டீச்சர் எந்திரிச்சுட்டாங்க. எங்க தெரு ஜெபக் குழுவுக்கு, அன்பியம்னு சொல்லுவோம், அதுக்குத் தலைவி அவங்க. "இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு செல்வினு? மதலேனுக்கு லூர்துதான். மாதாவே கூப்பிட்டிருக்கா!" எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். ஏன் தட்டக்கூடாது?

அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். "எனக்குப் போட்டு," என்றாள்.

கை தட்டினவங்க எல்லாரும் கையை அப்படியே வச்சுக்கிட்டு நின்னாங்க. செல்வின் அண்ணன் மைக்கைக் கீழே இறக்கினார். பின்னால் இருந்து ஒரு கிழவி, "ஏ மதலேனு, பொறந்ததுல இருந்து தண்ணியத்தான பாக்க? அங்க போயும் தண்ணியா?" என்றாள். எல்லாருக்கும் சிரிப்பு.

அம்மாவும் சிரிச்சாள். "பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். ஏறுனது இல்லல்லா."

அது உண்மைதான். உங்க ஊரில் எப்படின்னு தெரியாது, எங்க தெருவில் பொம்பளை வள்ளத்தில் ஏறக்கூடாது. ஏறினால் மீன் போயிடும். கரையில் கிடக்கிற வள்ளத்தைத் தாண்டக்கூடாது, அதில் சாயக்கூடாது. மாதா திருநாளுக்கு வள்ளத்துக்கெல்லாம் கொடி கட்டி ஃபாதர் தீர்த்தம் தெளிப்பார். ஆம்பளைங்க, பொடிப்பசங்க எல்லாம் ஏறி ஒரு சுத்து போயிட்டு வருவாங்க. நாங்க மணல்ல நின்னு பாட்டுப் பாடுவோம். அம்மா சின்னப் பிள்ளையில் ஒருதடவை எங்க தாத்தாகிட்ட ஏத்திவிடச் சொல்லிக் கேட்டாளாம். "பொம்பளயே ஏறக்கூடாதுங்கேன், அதுலயும் நீயா?" என்றாராம் அவர். இந்த 'அதுலயும் நீயா'வை அம்மா சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாள். அடிக்கடி சொல்லுவாள். அப்போ நான் அதைப் பெரிசா எடுத்துக்கலை. இப்பவும் அது ஒரு பெரிய விஷயம்னு தோணலை. வள்ளத்தில் ஏறாமல் எத்தனையோ பொம்பளைங்க செத்தும் போயிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிச்சேன்.

"உனக்குக் கிறுக்கா? ஊர்ல உள்ளவங்க லூர்து மண்ணை மிதிக்கத் தவமாத் தவம் கிடக்காங்க. உனக்கு மாதா வாசல்வரைக்கும் சேர் போட்டுக் கூப்பிடுது. நீ போட்டுன்னு சொல்லுத."

"ஏட்டி, சும்மா போயி பாத்துட்டு வருவமே."

"அதுல என்ன இருக்கு?"

அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள், "போட்டுல எல்லாரும் உக்காந்துதான வருவாவ."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. எல்லாரும் உக்காந்து வருவாவ. அவ்வளவுதான்."

இது ஒரு காரணமாக்கா? நீங்களே சொல்லுங்க. எல்லாரும் உக்காந்திருக்கிறதைப் பாக்கணும்னா டவுன் பஸ்ல ஏறினால் போதுமே, அதுக்கு ஜெர்மனி எதுக்குன்னு கேட்டேன். "பஸ்ல என்னைத் தூக்கித்தானட்டி ஏத்துத. அத்தன பேரும் பாத்துக்கிட்டுல்லா இருக்காவ," என்றாள். பாத்தால் பாக்கட்டுமே! நான் தூக்குறதில் அவளுக்கு என்ன கேவலம்? ஒருதடவைகூட நான் கீழே போட்டதில்லை.

நீங்க ஏன் அப்படிப் பாக்கிறீங்க?

நான் கெட்டதுக்கா சொன்னேன்? எனக்கு ஒரே ஒரு ஆசைதான். எங்க கோவிலில் சுவிசேஷம் வாசிக்கும்போது எல்லாரும் எந்திரிப்பாங்கல்ல, அம்மா மட்டும் உக்காந்திருப்பாள். பீடம் தெரியாது, ஃபாதர் தெரிய மாட்டார். சுத்தி முதுகுதான். சின்னதில் இருந்து அவள் பார்த்த பூசையெல்லாம் ஊர்க்காரங்க முதுகுதான். ஒருநாள் வீட்டில் சொன்னாள், "மைக்கேல் சட்டையில பின்பக்கம் தையல் விட்டிருக்கு. நன்மை அப்பம் வாங்கப் போவயில சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்"னு. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை. எல்லாரும் எந்திரிக்கும்போது எங்க அம்மாவும் எந்திரிக்கணும். அதுக்குத்தான் லூர்து. நான் ஒண்ணும் டெய்ஸி டீச்சர் மாதிரி கிடையாது. புதுமை நடக்கும், வீல்சேரை மாதா குகையில், அதான் இந்தக் கெபியில் தொங்கவிட்டுட்டு நடந்து வருவாள்னு எல்லாம் நான் நம்பலை. ஆனால் நடந்தால்? நடந்தால் வேண்டாம்னு சொல்லிடுவாளா?

இதையே ஒரு வாரம் பேசினோம். சோத்துக்கு உக்காந்தால் லூர்து, குளிப்பாட்டும்போது லூர்து. ரீகன் வீடியோ காலில் வந்து, "ரெண்டும் வேணாம்னா சும்மா பாரிஸ்ல ரூம்ல இருங்க, சண்டை போடாதீங்க"ன்னான். அவனுக்கென்ன, போனை வச்சுட்டா அவன் வீடு அமைதியாயிடும்.

ஒருநாள் அம்மாவைக் கட்டிலில் இருந்து சேருக்கு மாத்தும்போது எனக்கு இடுப்பில் பிடிச்சுக்கிச்சு. வலியில் கத்திட்டேன். அம்மா, "பவுலினைக் கூப்பிடுட்டி, அவளும் ஒரு கை பிடிக்கட்டும்," என்றாள். பவுலின்னா எங்க அத்தை, கஸ்பார் மாமா பொண்டாட்டி, அடுத்த வீடு. எனக்கு எரிச்சல் வந்துடுச்சு. "யாரும் வேணாம், நான் பாத்துக்கிடுதேன்"னேன். "எத்தன நாளைக்குட்டி பாப்ப?"ன்னாள். அப்பதான் வாயில் வந்தது.

"நீ நடந்தா நான் போவேன்ல!"

"எங்க?"

"எங்கயாவது!"

பாளையங்கோட்டையில் எனக்குக் காலேஜ் சீட் கிடைச்சிருந்தது, ஹாஸ்டலோட. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். அம்மாவுக்காக இல்லை, எனக்குப் படிப்பே பிடிக்காது. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். உங்ககிட்டயும் அதுதான். அந்த ஹாஸ்டல்ல மொட்டை மாடி உண்டு, சாயங்காலம் பிள்ளைங்க அங்க உக்காந்து கதை பேசுவாங்கன்னு என் கூட்டுக்காரி அனுப்பின படத்தை நான் அழிச்சுட்டேன். அது வேற.

அம்மா சேரில் உக்காந்து முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டே இருந்தாள். அப்புறம், "சரிட்டி," என்றாள்.

சரின்னா சரிதானே? நான் உடனே செல்வின் அண்ணனுக்குப் போன் போட்டு, "அம்மா சரின்னுட்டா, லூர்தே போடுங்க"ன்னேன். அவருக்கும் நிம்மதி. அம்மா அடுப்படியில்தான் இருந்தாள், நான் பேசினது கேட்டிருக்கும். அப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?

அடுத்த நாளே டெய்ஸி டீச்சர் அம்மா காலுக்காக நவநாள் ஆரம்பிச்சுட்டாங்க. ஒன்பது நாள், சாயங்காலம் எங்க வீட்டில். பொம்பளைங்க எல்லாம் வந்து அம்மாவைச் சுத்தி நின்னு ஜெபமாலை சொல்லுவாங்க. முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா வந்து முழங்காலில் கை வச்சு ஜெபிப்பாங்க. அம்மாகிட்ட யாரும், "சாப்பிட்டியா மதலேனு"ன்னுகூடக் கேக்கலை. நேரா காலுதான். "நேத்தைக்கு இன்னைக்கு இளக்கம் தெரியுதுல்லா?"ன்னு என்னைக் கேப்பாங்க. அம்மா அங்கதான் உக்காந்திருப்பாள், என்னைத்தான் கேப்பாங்க. நான் இளக்கம் இருக்குன்னு சொல்லுவேன். எல்லாருக்கும் சுண்டல் கொடுப்பேன். வாசலில் கஸ்பார் மாமா துண்டைத் தோளில் போட்டுக்கிட்டு நிப்பார், உள்ளே வர மாட்டார். அவர் யார்கிட்டயும் அதிகம் பேச மாட்டார். தன் வள்ளத்தைத் தவிர வேற எதைப் பத்தியும் அவருக்குக் கவலை கிடையாது.

கடைசி நாள் டெய்ஸி டீச்சர் அம்மா தலையில் கை வச்சு, "நம்ம மதலேன் லூர்துல இருந்து நடந்து வந்து, இதே வாசப்படியில ஏறுவா"ன்னு முடிச்சாங்க. எல்லாரும் ஆமென் சொன்னோம்.

அம்மா, "எல்லாருக்கும் நன்றி. ஆனா நான் போகல. அன்சி போவா," என்றாள்.

டீச்சர்தான், "யாருக்காகப் போறது? உன் காலுக்காகத்தானடி?" என்றாங்க.

"ஆமா, காலுக்காகத்தான். ஒம்பது நாளா என் காலைப் பாக்கத்தான இத்தன பேரு வந்திய. அதைக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். நான் இங்க இருக்கேன்."

சத்தமே போடாமல், சுண்டல் தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாள். டீச்சருக்கு முகம் கறுத்துப் போச்சு. எனக்கு மானமே போச்சு. எல்லாரும் போனதுக்கப்புறம் நான் அழுதேன், கத்தினேன், காலில் விழுந்தேன். ஆமா, அந்தக் காலில்தான். அம்மா என் தலையைத் தடவிக்கிட்டே, "போயிட்டு வாட்டி. நான் பவுலின்கிட்ட சொல்லிட்டேன். இருந்துக்கிடுவேன்," என்றாள். எனக்கு முன்னாடியே பவுலின் அத்தைகிட்ட சொல்லியிருக்கா பாத்தீங்களா! எல்லாம் ஏற்பாடு. அந்த அத்தைக்கு அம்மாவை எப்படித் தூக்கணும்னே தெரியாது. இடது பக்கமா தூக்கினால் வலிக்கும்.

எங்க ஊரில் இதுக்கு வீம்புன்னு பேர். உங்க ஊரில் என்ன சொல்லுவீங்க?

கிளம்புற அன்னைக்கு அவளுக்குன்னு ரீகன் அனுப்பின ஸ்வெட்டரை என் பையில் வச்சாள். அதுதான் இது, கை நீளமா இருக்கு பாருங்க. வாசலில் வேன் ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்தது. அம்மா என் கையைப் பிடிச்சு, "அங்க போயி என் காலுக்குன்னு ஒண்ணும் கேக்காத. கேக்கணும்னா உனக்குக் கேளு," என்றாள். எனக்கு என்ன குறைன்னு கேட்டேன். "ஒண்ணும் குறை இல்ல, போ"ன்னு கையை விட்டுட்டாள். அவளாத்தான் விட்டாள்.

ரோமாபுரி பார்த்தேன், அசிசி பார்த்தேன். எங்க பாத்தாலும் நான் பாத்தது சாய்தளம் இருக்கா, எத்தனை படி, கதவு அகலம் போதுமான்னுதான். சேரே இல்லாமல் நடக்கிறவளுக்கு இது எதுக்கு? கண்ணு அப்படியே போகுது. கூட வந்த பிள்ளைங்க ஃபோட்டோ எடுத்துக்கிட்டு ஓடும். நான் பின்னாடி மெதுவாத்தான் வருவேன். பழகிப் போச்சு.

அப்புறம் எல்லாரும் சுவிஸுக்குப் போயிட்டாங்க. செல்வின் அண்ணன், "நீயும் பனிமலைக்கு வாயேன், பாப்பா, தனியா லூர்துல என்ன பண்ணுவ"ன்னு கேட்டார். டிக்கெட் லூர்துக்குத்தான் போட்டிருக்கு, நான் அங்கதான் போவேன்னு வந்துட்டேன். பாரிஸ்ல அவரே ரயில் ஏத்திவிட்டார். இங்க ஸ்டேஷனில் இறங்கினால் நீலத் துண்டு போட்ட ஒரு வெள்ளைக்காரத் தாத்தா இந்தச் சேரை வச்சுக்கிட்டு நிக்கிறார். அட்டையில் எங்க அம்மா பேர். தப்புத்தப்பா எழுதியிருந்தாலும் அம்மா பேர்தான். அவர் என்னைப் பாத்து உக்காரச் சொன்னார். நான் இல்லை, எங்க அம்மா, அவங்க வரலைன்னு இங்கிலீஷில் சொன்னேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியலை, எனக்கு ஃபிரெஞ்ச் தெரியலை. அவர் என் காலைப் பாத்தார். நல்லா இருக்கிற காலுக்கு எப்படி மன்னிப்புக் கேக்கிறதுன்னு எனக்கு ஒண்ணும் புரியலை. கடைசியில் என் முதுகுப் பையைத் தூக்கிச் சேரில் வச்சு, கைப்பிடியை என் கையில் கொடுத்துட்டுச் சிரிச்சார். அப்போதிலிருந்து தள்ளிக்கிட்டு இருக்கேன். திருப்பிக் கொடுக்கலாம். கொடுக்கலை. தள்ளினால்தான் எனக்கு நடக்க வருது.

ஆனா ஒண்ணு சொல்லணும்க்கா. நேத்து கெபி முன்னால் வந்து பாத்தால், அம்மாடி, எத்தனை சேர்! வரிசை வரிசையா. நீல மூடி போட்ட வண்டியில் இழுத்துக்கிட்டு வர்றாங்க. பூசையில் பாதிப் பேர் உக்காந்துதான் இருக்காங்க. எங்க அம்மா வந்திருந்தால் ஒரு ஆளாவே தெரிஞ்சிருக்க மாட்டாள். ச்சே, வந்திருக்கலாம்ல! நீங்க அதுக்குத்தான் வர்றீங்களா? இங்க யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கன்னா? காலுக்கு இல்லையா? வருஷா வருஷம் அதுக்காகவா?

எனக்குப் புரியலை. சரி, விடுங்க.

இன்னைக்குக் காலையில் கண் முழிச்சதும் போனைப் பாத்தேன். பவுலின் அத்தை படம் அனுப்பியிருக்காங்க. காட்டுறேன் இருங்க. இது கஸ்பார் மாமாவோட வள்ளம். எங்க கடல்தான். உள்ளே பாருங்க, எல்லாம் பொம்பளைங்க! எங்க அன்பியத்துப் பொம்பளைங்க. அன்னைக்குச் சிரிச்ச கிழவிகூட இருக்கு பாருங்க, கயித்தைப் பிடிச்சுக்கிட்டு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, எங்க ஊரில் யாரும் தொழிலுக்குப் போக மாட்டாங்க. மாமா சொன்னாராம், "மீனுக்கும் இன்னைக்கு லீவுதான, யாரு ஏறுனா அதுக்கென்ன?"ன்னு. அவ்வளவு வருஷமா அந்த வள்ளத்தில் என்னை ஒரு விரல் வைக்க விடாத மனுஷன்! நவநாள் ஒன்பது நாளும் வாசலில் நின்னாரே, அப்போ இதைத்தான் யோசிச்சாரோ என்னவோ. அம்மா கேட்டாளா, அவரா கூப்பிட்டாரா, எனக்குத் தெரியாது. எனக்கு யாரும் சொல்லலை.

சரி, இதில் எங்க அம்மா யாருன்னு சொல்லுங்க பாப்போம்.

இல்லை, அது பவுலின் அத்தை.

இல்லை, அதுவும் இல்லை.

தெரியலைல்ல? எனக்கும் தெரியலைக்கா. சத்தியமா. பெத்த அம்மாவை எனக்குத் தெரியலை. நான் முதல்ல சேரைத் தேடினேன். படம் முழுக்கச் சேரைத் தேடினேன். சேர் எங்கயும் இல்லை. எல்லாரும் பலகையில் உக்காந்திருக்காங்க, முக்காடு போட்டுக்கிட்டு, காத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு. ஒரே மாதிரி. அப்புறம் ஒவ்வொரு மூஞ்சியா பெரிசு பண்ணிப் பாத்துத்தான்... இதோ. நடுவில். வாயைத் திறந்து சிரிக்கிறாள் பாருங்க, கடைவாய்ப் பல்லு தெரிய.

கூடவே அம்மா குரலும் அனுப்பியிருக்கா. கேளுங்க.

"ஏட்டி அன்சி, சாப்ட்டியா? குளிருதா? ஸ்வெட்டரைக் கழட்டாத. இங்க வள்ளம் என்ன ஆட்டம் ஆடுதுட்டி! ஒருத்தரும் நிக்க முடியல. எந்திரிக்காதிய, எந்திரிக்காதிய, உக்காருங்கன்னு மாமா எல்லாரையும் ஏசுதான்டி. என்னைய மட்டும் ஒண்ணும் சொல்லல!"

அப்புறம் சிரிப்பு. கேட்டீங்கல்ல? இவ்வளவு நீளமா சிரிக்கிறாள்.

எத்தனை தடவை போட்டுக் கேட்டேன்னு கேக்காதீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்க்கா. இந்தச் சிரிப்பை நான் வீட்டில் இருக்கும்போது சிரிச்சால் என்ன? நான் என்ன குறை வச்சேன்? எல்லாம் செஞ்சேனே. தலை சீவிவிட்டேன், கால் நகம் வெட்டிவிட்டேன், கொசு கடிக்கும்னு காலில் எண்ணெய் தேய்ச்சுவிட்டேன். நான் அந்தப் பக்கம் போனதும் வள்ளத்தில் ஏறிட்டாள். யார் தூக்கி ஏத்தினாங்க? எந்தப் பக்கமா தூக்கினாங்க? வலிக்கலையா? வலிச்சிருந்தால் அப்படிச் சிரிப்பாளா? அப்போ நான் தூக்கும்போது மட்டும்தான் வலிச்சதா?

அழலை. காத்து. இந்த ஊர்க் காத்து கண்ணில் அடிக்குது.

படத்தைப் பாத்தப்புறமும் சேரைத் தள்ளிக்கிட்டுத்தான் கெபிக்குப் போனேன். ஆள் இல்லாத சேருக்குக்கூட ஜனங்க வழிவிட்டாங்க. பாறையைத் தொட்டேன். என்ன கேக்கிறதுன்னு தெரியலை. அம்மா காலுக்குக் கேக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கா. எனக்குக் கேளுன்னா. எனக்கு என்ன கேக்கிறது? பின்னால் வரிசை நின்னது. வெறுமனே வந்துட்டேன். கெபி ஊத்துத் தண்ணி மட்டும் பிடிச்சேன். மாதா மாதிரியே பாட்டில், நீலக் கிரீடத்தைத் திருகினால் மூடி. கடையில் பாத்தப்பவே அம்மாவுக்குன்னு வாங்கினது. இப்ப இதைக் கொண்டுபோய் நான் எங்க ஊத்துவேன்? வள்ளத்துக்கா? உங்களுக்கு வேணுமாக்கா? காலுக்கு. எங்க அம்மாவுக்கு வேண்டாமாம்.

வேண்டாமா. உங்களுக்கும் வேண்டாமா.

இன்னும் பதில் போடலை அம்மாவுக்கு. வாட்ஸப்பில் நீலக் குறி விழுந்திருக்கும், நான் பாத்துட்டேன்னு தெரியும். காத்துக்கிட்டு இருப்பாள். என்ன போடட்டும்? பாளையங்கோட்டையில் ஜனவரியில்கூடச் சிலபேரைச் சேர்த்துக்கிறாங்களாம், ஒரு படிப்பு இருக்காம்னு ரீகன் காலையிலேயே ஒரு மெசேஜ் போட்டிருக்கான். அவனுக்கு யார் சொன்னா? அம்மாதான். நான் போயிடணும்னு அவ்வளவு அவசரம் அவளுக்கு.

மணி அடிச்சுட்டாங்க. ஊர்வலம். சேர்ல இருக்கிறவங்கதான் முன்னாலயாம்? நல்லா இருக்கே. நீங்க போங்க, முன்னால் போங்க. தள்ளணுமா... இல்லை, கேக்கலை. கேக்கலைக்கா.

அந்த நீலத் துண்டுத் தாத்தா வர்றார் பாருங்க. அவர்தான். அவர் பின்னால் ஒரு அம்மா நடக்க முடியாமல் நடந்து வர்றாங்க. சேரைக் காட்டி என்னமோ கேக்கிறார். உங்களுக்குப் பாஷை தெரியும்ல, சொல்லுங்க. காலிதான், எடுத்துக்கச் சொல்லுங்க. யாரும் வரலைன்னு சொல்லுங்க. அந்தப் பையை மட்டும் நான் எடுத்துக்கிறேன். ஸ்டாண்டு இடது சக்கரத்தில் இருக்கு, காலால் தட்டணும்னு சொல்லுங்க. அவங்களை வலது பக்கமா... இல்லை, அவங்களுக்கே தெரியும்.

சேர் போயிடுச்சு.

உங்க பக்கத்திலேயே நடந்து வரட்டுமா? தொட மாட்டேன். பையையும் முதுகில் மாட்டிக்கிட்டேன். வர்றேன், நீங்க போங்க. ஒண்ணுமில்லை. கையை எங்க வைக்கிறதுன்னுதான் தெரியலை.